புதுப்பிப்பு: இணைய வானொலி ஒலித்தரம், பெரும்பாலும் சரியாகிவிட்டது

எங்கள் சின்ன இணைய வானொலியில் ஜால்ரா சத்தம் தகரத்தைத் தேய்ப்பது போல் கேட்கிறது, பாட்டுக்குப் பாட்டு ஒலியளவும் ஏறி இறங்குகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) எம்பி3தான் முதல் வில்லன். அந்த அளவில், எம்பி3யாகச் சுருக்கும் லேம் மென்பொருள் சுமார் 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டிவிடுகிறது. ஜால்ராவின் மினுக்கம் அங்கேயே போச்சு. அதே 64இல் எச்இ-ஏஏசி என்ற வேறு சுருக்கமுறைக்கு மாறினோம். அது மேல் அதிர்வெண்களை அப்படியே அனுப்பாது. கீழ்ப்பகுதியை வைத்து அவற்றைத் திரும்ப உருவாக்கச் சில குறிப்புகளை மட்டும் அனுப்பும். அசல் இல்லைதான், ஆனால் காதுக்கு இதம். கேட்பவருக்கு டேட்டாவும் கூடவில்லை, மணிக்கு சுமார் 29 எம்பிதான். ஓபஸ் என்ற இன்னொரு சுருக்கமுறை இன்னும் நன்றாக இருந்தது. பழைய ஐபோன்களில் ஓடாமல் போகலாம் என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் ஒலியளவு. வானொலியை ஓட்டும் லிக்விட்சோப் மென்பொருளில், பாட்டுகளின் ஒலியளவைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயின் போட்டு, கடைசியில் ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரை -1 டெசிபலில் வைத்தோம். தவில் அடி உடைந்து கேட்டது நின்றது.

மிச்சம் இருப்பது கோப்புகள். ஏற்கெனவே எம்பி3யாகச் சுருக்கியதை மறுபடி சுருக்கினால் எந்தச் சுருக்கமுறையும் காப்பாற்றாது. சிடி கையில் உள்ளவற்றை தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாகத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறோம், நிதானமாகத்தான். பழைய கருவிகளில் கேட்பவர்களுக்கு 128 கேபிபிஎஸ் எம்பி3 இணைப்பு தனியாக ஓடுகிறது.