சின்ன வீட்டுக்குக் குரோஷே உறி: சில அனுபவங்கள்

சென்னை, திருவல்லிக்கேணியிலிருந்து:

எங்கள் வாடகை வீட்டுச் சமையலறை மேடையில் வெங்காயக் கூடையையும் உருளைக்கிழங்குக் கூடையையும் வைத்துவிட்டால் காய் நறுக்க இடம் இருக்காது. அதனால்தான் குரோஷேயில் (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் முறையில்) தொங்கு பைகள் பின்னத் தொடங்கினேன். இரண்டையும் ஒரே பையில் போடக் கூடாது. சேர்ந்து கிடந்தால் இரண்டும் சீக்கிரம் கெட்டுப்போகும். மேலும், வெங்காயத்துக்குக் காற்று வேண்டும், கிழங்குக்கு இருட்டு வேண்டும். ஆகவே வெங்காயத்துக்கு வலைப்பின்னலும் கிழங்குக்கு இடைவெளி இல்லாத சிங்கிள் குரோஷேயும் (நெருக்கமாக விழும் அடிப்படைக் கண்ணி) என்று பிரித்துக்கொண்டேன்.

8 பிளை (நடுத்தரத் தடிமன்) பருத்தி நூலும் 4 மி.மீ. ஊசியும் எடுத்துக்கொண்டேன். அடிப்பாகத்தை மேஜிக் ரிங்கில் (இழுத்து இறுக்கக்கூடிய நூல் வளையத்தில்) 6 கண்ணிகளோடு தொடங்கி, சுற்றுக்கு 6 கண்ணிகள் கூட்டிக்கொண்டே போனால், எட்டாவது சுற்றில் 48 கண்ணிகளோடு தட்டையான வட்டம் கிடைக்கும். அதன்பின் 5 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, இரண்டு கண்ணிகளை விட்டு மூன்றாவதில் சிங்கிள் போட, சுற்றிலும் 16 வளைவுகள் வரும். அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வொரு வளைவின் நடுவிலும் சிங்கிள் போட்டு, மீண்டும் 5 செயின் என்று ஏற வேண்டும். சின்ன வெங்காயம் போடுவதாக இருந்தால் 5 செயின் ஆகாது. பை நிறைந்ததும் கண்கள் விரிந்து, வெங்காயம் ஒவ்வொன்றாகத் தரையில் உருளும். அதற்கு 3 செயின்தான் சரி. அடியை மட்டும் அடர்த்தியாக விடுவதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: உதிரும் சருகு அங்கேயே தங்கும், வாரம் ஒருமுறை பையைக் கவிழ்த்து உதறினால் போதும்.

எல்லோரும் பையின் வேலைப்பாட்டைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது பிடியை. தரையில் வைத்து அளக்கும்போது பை அழகாக, கச்சிதமாக இருக்கும். இரண்டு கிலோ வெங்காயத்தைப் போட்டு மாட்டியதும் வலை கீழ்நோக்கி இழுபட்டு, இடுப்பு ஒடுங்கி, பிடியும் நீண்டு, நாம் நினைத்த உயரத்துக்கு வெகு கீழே வந்து நிற்கும். வெறும் செயினில் செய்த பிடிதான் மிக அதிகமாக நீளும். பிடிக்கு வேண்டிய நீளத்துக்குச் செயின் போட்டு, அந்த நீளவாக்கிலேயே மூன்று நான்கு வரிசை சிங்கிள் பின்னி, இரு ஓரங்களிலும் ஸ்லிப் ஸ்டிச் (உயரமில்லாத இறுக்கமான கண்ணி) ஓட்டிவிட்டால் நீள்வது பெருமளவு குறைகிறது. அப்போதும் பையைப் பாரத்தோடு ஓரிரவு தொங்கவிட்டுப் பார்த்த பிறகே பிடியின் மறுமுனையைத் தைத்து முடிப்பேன்.

வீட்டுக்காரர் சுவரில் துளையிட அனுமதிக்காததால், பரணுக்குக் கீழே ஏற்கெனவே இருந்த இரும்புக் கம்பியில் எஸ் கொக்கி போட்டு மாட்டியிருக்கிறேன். அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளியே மாட்டுங்கள். பருத்தி தீப்பிடிக்கும், அக்ரிலிக் உருகும்.

தஞ்சாவூரிலிருந்து:

சகோதரி எழுதியதைப் படித்ததும் என் மாமியார் வீட்டு உறி கண்முன் வந்தது. உத்திரத்தில் கட்டிய தேங்காய் நார்க் கயிறு, அடியில் பிரிமணை போன்ற ஒரு வளையம், அதில் பெரிய பானை, அதன்மேல் சிறியது என்று தயிரும் நெய்யும் பூனைக்கு எட்டாமல் இருக்கும். பாரம் முழுவதையும் தாங்கியது அந்த அடி வளையமும் மேலேறும் கயிறுகளும்தான். அந்த அமைப்பையே நான் குரோஷேவுக்குக் கொண்டுவந்தேன். பிடிகளைப் பையின் விளிம்பில் தைத்து நிறுத்தாமல், நான்கு பட்டைகளையும் பக்கவாட்டில் இறக்கி, அடிவட்டத்துக்குக் கீழே குறுக்காகச் சேர்த்துத் தைக்கிறேன். பாரம் பட்டைகளில் ஏறுகிறது. வலையின் வேலை பொருள் சிந்தாமல் காப்பது மட்டுமே. பித்தளைச் சொம்பு, கண்ணாடி ஜாடி போன்றவற்றை இப்படிச் செய்த உறியில்தான் வைப்பேன், விளிம்பில் மட்டும் பிடி தைத்த பையை நம்ப மாட்டேன்.

பட்டைகள் நான்கும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். கண்ணிகளை எண்ணி ஒன்றுபோல் பின்னினாலும், கை இறுகியும் தளர்ந்தும் போவதால் அளவு மாறும். நான்கையும் ஒரே ஆணியில் மாட்டி, கீழ்முனைகளை ஒன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத் தையுங்கள்.

கோவையிலிருந்து:

குளியலறைக்கு நைலான் நூலே நல்லது என்பது என் அனுபவம். அங்கே பருத்திப் பை காயவே காயாது, மழை மாதங்களில் கரும்புள்ளி விழுந்து நாற்றமும் எடுக்கும். நைலான் வழுக்கும் என்பதால் கண்ணிகளை இறுக்கமாகப் பின்ன வேண்டும். முடித்த இடத்தில் முனையை உள்ளே கோத்து மறைத்தால் மட்டும் போதாது. நுனியை மெழுகுவத்திச் சுடருக்கு அருகில் ஒரு நொடி காட்டி உருக்கி அடைத்தால் பிரியாது.

சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் விளையாட்டுப் பொருட்களுக்கு வலை கட்டுவோர், கயிறோ பிடியோ குழந்தைக்கு எட்டும் உயரத்தில் தொங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் அபாயம் உண்மையானது. நான் சுவரின் மூலையில் உயரத்தில் முக்கோண வலையாக, மூன்று முனைகளும் தளர்வின்றி இறுகுமாறு கட்டியிருக்கிறேன். பொம்மைகளைப் பெரியவர்களே எடுத்துக் கொடுக்கிறோம்.