இந்த வாதத் தந்திரத்துக்குத் தமிழில் பெயர் உண்டா?

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பட்டிமன்றத்துக்குத் தயார் செய்கிறேன். ஒரு சின்ன உதவி வேண்டும்.

போன வாரம் என் மச்சான், "இந்த வருஷம் நம்ம ஊரில் மழையே இல்லை" என்றார். ஐப்பசியில் கண்மாய் நிறைந்த போட்டோவைப் போனில் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னது நல்ல மழையை" என்றார். விடாமல் கேட்டதும், "நீ ஊர்ப்பக்கம் வந்தே மூணு வருஷம் ஆச்சு, உனக்கென்ன தெரியும்?" கடைசியில், "சரி விடு, சாப்பாடு ஆறுது." தோற்கவே மாட்டார் மனுஷன்!

பழைய வடமொழித் தருக்க நூலான நியாய சூத்திரத்தில் இதற்கெல்லாம் கணக்கே இருக்கிறது. வாதத்தில் ஒருவர் தோற்றதாகக் கொள்ளும் இடங்கள் 22. மறுப்பு வந்ததும் சொன்ன கருத்தோடு புதிதாக ஒரு அடைமொழியைச் சேர்த்துத் தப்பிப்பது பிரதிஜ்ஞாந்தரம். மச்சானின் 'நல்ல மழை' அதேதான். சொல்லைப் புரட்டுவது சலம்: ஒருவர் புதுக் கம்பளி என்ற பொருளில் 'நவ கம்பளம்' என்றால், 'உன்னிடம் ஏது ஒன்பது கம்பளி?' என்று மடக்குவது. விதண்டாவாதம் என்ற சொல்லும் அந்த மரபுதான். தன் பக்கம் எதையும் நிறுவாமல் எதிராளியை வெட்டிக்கொண்டே இருப்பது.

ஆனால் பிரதிஜ்ஞாந்தரம் என்று பிள்ளைகளிடம் சொன்னால் ஓடிவிடுவார்கள். எனக்கே வாயில் நுழையவில்லை. இப்படிப் பேச்சை மாற்றுவதற்கும், ஆளைத் தாக்குவதற்கும் உங்கள் ஊரில் ஒரே சொல்லில் ஏதாவது சொல்வார்களா? மணிமேகலையின் 29ஆம் காதையில் வரும் போலிக் குற்றங்களை (சரியான வாதம்போலத் தோன்றும் பிழைகளை) எளிய தமிழில் விளக்கும் குறிப்பு இருந்தாலும் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.