மறு: போக்கா-யோக்கேக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். ஆலை வேலையில் தவறு நேராமல் தடுக்கும், நேர்ந்தால் உடனே காட்டிவிடும் ஏற்பாடுகளுக்கு ஜப்பானியர் வைத்த பெயர்தான் போக்கா-யோக்கே. அதற்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் முன்வைத்தவற்றுக்கு என் பதில் இது.

> ‘முட்டாள்காப்பு’ என்றால் கேட்டவுடன் விளங்கும். அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. இந்தப் பெயரை வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டவர்கள்தான் ஜப்பானியர்கள். 1961இல் யமாதா மின்கருவி ஆலையில் சிறிய சுவிட்ச் ஒன்றுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும்; அவ்வப்போது ஒன்று விடுபட்டுப்போகும். ‘கவனமாக இரு’ என்று சொல்லியும் பயனில்லை. உற்பத்தி முறை வல்லுநர் ஷிகேயோ ஷிங்கோ போய்ப் பார்த்தார். முதலில் இரண்டையும் ஒரு சிறு தட்டில் எடுத்து வை, பிறகு பொருத்து என்றார். முடித்த பிறகும் தட்டில் ஒன்று கிடந்தால், விடுபட்டது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இத்தகைய ஏற்பாடுகளுக்கு முதலில் வழங்கிய பெயர் ‘பாக்கா-யோக்கே’. பாக்கா என்றால் முட்டாள். 1963இல் அரக்கவா ஆட்டோ பாடி ஆலையில் அதைக் கேட்ட பெண் தொழிலாளி ஒருவர், நான் அவ்வளவு முட்டாளா என்று அழுதுவிட்டார். அதன் பிறகே ‘போக்கா’ வந்தது: தன்னையறியாமல் நேரும் தவறு.

நம் சொல்லும் ஆளைச் சுட்டக் கூடாது. தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில் விரல் போனால் ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எளிது. ஷிஃப்ட் முழுக்க டைக்குள் (பிரஸ்ஸின் அச்சுக்குள்) தகடு வைத்து எடுக்கும் கை ஒரு தடவை தவறத்தான் செய்யும். இரு கையாலும் இரு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்று வைத்தால், இயக்குபவரின் கை உள்ளே இருக்க வழியில்லை. பீஸ் கணக்கு நெருக்கும்போது ஒரு பட்டனை இறுக்கிக் கட்டிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவதும் உண்டு. அதனால்தான் நல்ல அமைப்பில் இரண்டும் அரை விநாடிக்குள் சேர்ந்து அழுந்த வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். நேற்றுச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பழுத்த அனுபவக்காரருக்கும் ஒரே காவல். தகட்டைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்தும் ஜிக்கில் ஒரு பின் கூடுதலாக வைத்தால், திருப்பி வைத்த தகடு உட்காராது. அடுக்கடுக்காகப் பீஸைக் கழித்துக்கட்டும் நட்டமும் இல்லை.

> ‘தவறுதடை’ எப்படி?

கை தவறி, வாய் தவறி என்கிறோம்; பொருள் அளவில் போக்காவுக்கு அச்சொட்டாகப் பொருந்தும். சேர்த்து எழுதும்போதுதான் இடிக்கிறது. ஒற்றில்லாமல் எழுதினால் வினைத்தொகையாகி ‘தவறுகிற தடை’ என்று நேர்மாறான பொருள் தரும். இலக்கணப்படி எழுதினால் ‘தவற்றுத்தடை’. ஆலையில் யார் வாயிலும் நுழையாது. ‘வழு’ கணினித் தமிழில் நிரல் பிழைக்கு ஊன்றிவிட்டது, அதை இழுக்க வேண்டாம்.

என் தேர்வு ‘பிழை’. அதில் குற்றம் சாட்டும் தொனி இருக்கிறது என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். ‘யானை பிழைத்தவேல்’ என்கிறது குறள் (772). அங்கே பிழைத்தல் என்றால் குறி தப்புதல். எறிந்தவன் மேல் பழி இல்லை, அவனைப் புகழத்தான் செய்கிறது. ஈழத்தில் இன்றும் பிழை அன்றாடப் பேச்சுச் சொல்தான்.

யோக்கே என்பது தவிர்ப்பதைக் குறிக்கும். ஆகவே பொதுப்பெயராகப் ‘பிழைத்தவிர்ப்பு’. ‘பிழைத்தடை’யை அதற்குள் ஒரு வகைக்கு மட்டும் ஒதுக்கலாம்: இரு கைப் பட்டன், ஜிக் பின் போலத் தவறு நடக்கவே விடாதவை. மணி அடிப்பதும் விளக்கு எரிவதும் ‘பிழையுணர்த்தி’. ஷிங்கோவின் தட்டுகூட இந்த இரண்டாம் வகைதான், காட்டும், தடுக்காது. இந்த வேறுபாட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மணி ஒன்றை மாட்டிவிட்டுப் பிழைத்தடை போட்டாயிற்று என்று கணக்குக் காட்ட நம் சொல் இடம்கொடுத்தால், அதற்கு விலை ஒருவரின் விரல்.

‘பிழையுணர்த்தி’ நீளம் என்பது தெரிகிறது. லைனில் வேலை செய்யும் நண்பர்கள் இதைவிடச் சிறிய சொல் புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்