பிழியும்போது எழுந்த உறுமல்: உவர்மலை வீட்டு அனுபவம்

எங்கள் சலவை இயந்திரம் முன்பக்கக் கதவுடைய, 7 கிலோ கொள்ளளவுள்ள ஒன்று. திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டின் பின் விறாந்தையில், கடற்காற்று தடையின்றி வந்து மோதும் இடத்தில், எட்டு ஆண்டுகளாக நின்றது. சென்ற வாடைக்கு முன்னர் பிழியும் நேரத்தில் மட்டும் ஒரு மெல்லிய உறுமல் கேட்கத் தொடங்கியது. உடுப்பு ஒரு பக்கமாகக் குவிந்திருக்கும் என்று நினைத்து அதைப் பொருட்படுத்தாமல் விட்டோம். மூன்று மாதங்களுக்குள் அந்த ஓசை வளர்ந்து, சமையலறைத் தட்டில் இருந்த போத்தல்கள் ஒன்றோடொன்று உரசும் அளவுக்கு வந்தபோது, "சீனன்குடாவில பிளேன் எழும்புற மாதிரிக் கிடக்குது, முதல்ல இதைப் பார் மகன்" என்று அம்மா சொன்னார்.

பார்க்க வந்த திருத்துநர் இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் கேட்டார். மோட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை புதிய இயந்திரத்தின் விலையில் பாதியை நெருங்கியது. மோட்டர்தான் என்பதற்கு அவர் எந்தச் சோதனையும் செய்து காட்டவில்லை என்பதே எனக்கு உறுத்தியது. ஆகவே அவரை அனுப்பிவிட்டு, ஓசை எந்தக் கட்டத்தில், எப்படி வருகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ள முடிவுசெய்தேன்.

உடுப்பு எதுவும் போடாமல் வெறுமையாக ஓடவிட்டேன். தண்ணீர் நிரம்பும்போது ஓசை இல்லை. மெதுவாகச் சுழன்று துவைக்கும்போது, காதைக் கிட்ட வைத்தால் மட்டும் ஒரு நறநறப்புக் கேட்டது. தண்ணீர் வெளியேறும்போது பம்பின் வழக்கமான முனகல் மட்டுமே இருந்தது. காசோ கொண்டை ஊசியோ பம்பின் வடிகட்டியில் சிக்கியிருந்தால் இந்தக் கட்டத்தில்தான் கடகடப்பு வந்திருக்கும். பிழியத் தொடங்கியதும், வேகம் ஏற ஏற உறுமலும் ஏறியது. வெறும் டிரம்மிலேயே இப்படி வந்ததால், உடுப்பின் பாரம் காரணமல்ல என்பது உறுதியாயிற்று.

அடுத்து பிளக்கைக் கழற்றி, பின் மூடியைத் திறந்து, மோட்டருக்கும் டிரம்முக்கும் இடையிலுள்ள பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இரண்டையும் தனித்தனியே கையால் சுழற்றினேன். மோட்டர் ஓசையின்றி, வழுக்கிக்கொண்டு சுழன்றது. டிரம்மோ, தானியம் போடாத திரிகையைச் சுற்றுவதுபோல் அரைத்தது. கதவுப் பக்கத்து விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தபோது, டிரம்மைச் சூழ்ந்திருக்கும் வெளித்தொட்டி அசையாமல் நிற்க, டிரம் மட்டும் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் ஆடியது. தொட்டியின் பின்புறத்தில், நடுத்தண்டிலிருந்து கீழ்நோக்கிப் பழுப்பு நிறத்தில் துரு வழிந்த கோடு ஒன்றும் இருந்தது. பழுதானது டிரம்மின் நடுத்தண்டைத் தாங்கி, உருண்டைகளின் மேல் சுழலவிடும் வளையமான பெயாரிங்தான், மோட்டரில் எந்தக் குறையும் இல்லை. பெல்ட்டைக் கழற்றிச் சுழற்றிப் பார்க்கும் அந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் மோட்டரை மாற்றியிருந்தால், பெருந்தொகை செலவழிந்த பின்னும் அதே உறுமல் இருந்திருக்கும்.

திருக்கடலூரில் மீன்பிடிப் படகுகளின் இயந்திரங்களைத் திருத்தும் அண்ணன் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். துருக் கோட்டைக் காட்டியதும் அவர், "தம்பி, பெயாரிங் தானாப் பழுதாகேல்ல. முன்னுக்கு இருக்கிற ஒயில் சீல் தேஞ்சு, தண்ணி உள்ளுக்குப் போயிருக்கு. சீலை மாத்தாமப் பெயாரிங்கை மட்டும் மாத்தினா ஆறு மாசத்தில திரும்பவும் கத்தும்" என்றார். உப்புத் தண்ணீரோடு ஆயுள் முழுதும் போராடியவரின் சொல் என்பதால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். வேலை முழுவதும் அவர் உடனிருந்தார்.

பிரிக்க ஒரு நாள் முழுவதும் சென்றது. ஒவ்வொரு வயரையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்தோம். பாரத்துக்காக வைத்திருக்கும் கொன்கிரீட் கட்டியை முதலில் இறக்கியதால்தான் தொட்டியை இருவராகத் தூக்க முடிந்தது. எங்கள் தொட்டியின் இரு பாதிகளும் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருந்தன. இப்போது வரும் பல இயந்திரங்களில் அவை உருக்கி ஒட்டப்பட்டிருப்பதால், பெயாரிங்கை மட்டும் மாற்ற வழியில்லாமல் தொட்டியையே மாற்ற வேண்டியிருக்கும். வேலையைத் தொடங்குமுன் இதைப் பார்த்துக்கொள்வது மிக அவசியம்.

டிரம்மின் பின்னால் இருந்த மூன்று கால் அலுமினியத் தாங்கியைக் கண்டபோது மனம் திடுக்கிட்டது. சவர்க்காரத் தூளின் படிவு சாம்பல் நிறக் களிபோல் அதன் மூலைகளில் இறுகியிருந்தது. கத்தி முனையால் சுரண்டியபோது அடியில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. உலோகமே அரிபட்டுக்கொண்டிருந்ததன் அடையாளம் அது. நல்லவேளையாக அரிப்பு மேற்பரப்போடு நின்றிருந்தது. ஆழமாக இறங்கியிருந்தால், பிழியும் வேகத்தில் ஒரு கால் முறிந்து டிரம்மும் தொட்டியும் நாசமாகியிருக்கும். சீல் உரசும் இடத்தில் தண்டின் மேலுள்ள பித்தளை வளையத்தையும் அண்ணன் நகத்தால் வருடிப் பார்த்தார். அதில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் தண்ணீரைத் தடுக்காது என்றார்.

பழைய பெயாரிங்குகளின் விளிம்பில் 6206, 6205 என்ற எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. இவை உலகம் முழுவதும் ஒரே அளவைக் குறிக்கும் எண்கள்: முதலாவது உள் விட்டம் 30, வெளி விட்டம் 62, அகலம் 16 மில்லிமீற்றர், இரண்டாவது 25, 52, 15. ஆகையால் இயந்திரத்தை விற்ற நிறுவனத்தைத் தேடி அலையாமல், நகரில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கும் கடையிலேயே, இருபுறமும் இறப்பர் மூடியுள்ள வகையில் வாங்கினேன். சீலின் அளவும் அதன் மேலேயே எழுதப்பட்டிருந்தது. மிகவும் மலிவான பொருள் அதுதான்.

புதியவற்றை இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்தோம். குளிரில் உலோகம் சற்றுச் சுருங்குவதால் அவை இலகுவாக இறங்கும். அடிக்கும்போது வெளி வளையத்தில் மட்டுமே அடிக்க வேண்டும், உள் வளையத்தில் அடித்தால் உருண்டைகள் ஓடும் பாதையில் வடு விழுந்து புதியதும் கத்தும் என்று அண்ணன் திரும்பத் திரும்ப எச்சரித்தார். பழைய பெயாரிங்கின் வளையத்தை மேலே வைத்து, சுற்றிச் சுற்றி அளவாகத் தட்டினார். வெறும் கலத்தைத் தட்டுவதுபோல் ஒலித்த ஓசை, ஓர் அடியில் திடீரெனக் கனத்து இறுகியது. "இருந்திட்டுது" என்று சுத்தியலைக் கீழே வைத்தார். பின்னர் சீலின் உதட்டில் தண்ணீருக்குக் கரையாத கிரீஸைத் தடவிப் பொருத்தினோம்.

பூட்டி முடித்து ஓடவிட்டபோது கதவின் இறப்பர் வளையம் ஓரிடத்தில் சரியாக அமராமல் சிறிது ஒழுகியது. அது உடனே சரியாயிற்று. பிழியும் கட்டத்தில் இப்போது காற்றின் இரைச்சல் மட்டுமே கேட்கிறது. தூளின் அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். துவைத்த பின் கதவைத் திறந்தே வைக்கிறோம். இயந்திரத்தை விறாந்தையிலிருந்து உள்ளே, சுவரோரமாக மாற்றியுமிருக்கிறோம்.

பாலையூற்றில் இருக்கும் தங்கை அண்மையில் புதிய இயந்திரம் வாங்கினாள். முதல் நாளே அது நடுங்கி, தரையில் ஒரு முழத் தூரம் நகர்ந்துவிட்டது என்று பதறி அழைத்தாள். பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஏற்றி இறக்கும்போது டிரம் ஆடாமலிருக்கப் பூட்டும் நான்கு போல்ட்டுகளையும், கொண்டுவந்து வைத்தவர்கள் கழற்றாமலே போயிருந்தார்கள். மச்சான் ஸ்பானரால் அவற்றைக் கழற்றி, துளைகளைப் பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் மூடிகளால் அடைத்தார். அந்தப் போல்ட்டுகளை எறிந்துவிட வேண்டாம், வீடு மாறும்போது அவற்றை மீண்டும் பூட்டித்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லி, இயந்திரத்தின் கையேட்டோடு சேர்த்துக் கட்டிவைக்கச் செய்தேன்.