பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின்: ஏற்காடு ஏற்றத்தில் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

அஸ்தம்பட்டி ஜீப்: வணக்கம். பழைய பெட்ரோல் ஜீப்புக்கு வீட்டிலேயே டீசல் இன்ஜின் மாற்றியாச்சு. பழைய டேங்க் துருப்பிடித்து ஓட்டை, அதனால் வேறு டேங்க் மாட்டினேன். சேலத்துக்குள் ஒரு குறையும் இல்லை. அடிவாரம் தாண்டி நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஏறியதும் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தால் ஸ்டார்ட் ஆகும், மறுபடி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மேலே போகணும். அவசரம்.

செவ்வாய்பேட்டை பட்டறை: என்ன இன்ஜின்? டேங்க் எந்த வண்டியோடது? நின்றபோது எவ்வளவு டீசல் இருந்தது? ரிட்டர்ன் லைன் எங்கே போகிறது?

ஓமலூர் 540: மூடிதான். அதிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடமாகி பம்பால் இழுக்க முடியாது. நின்றதும் மூடியைத் திறங்க. புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் அதேதான்.

அஸ்தம்பட்டி ஜீப்: இன்ஜின் பீஜோ 4.90. மூடியைத் திறந்துவைத்தும் நின்றது. டீசல் இருக்கு.

டீசல் அனுபவம்: "இருக்கு" என்பது ஒரு பதிலா? கார்புரேட்டர் வண்டியின் டேங்க்கில் வெளியே போக ஒரே பைப். டீசலில் இன்ஜெக்டரிலும் பம்பிலும் மிஞ்சுவது திரும்பி வர இன்னொரு பைப் வேண்டும். இதை இங்கே பலமுறை எழுதிவிட்டேன். அடிப்படையைப் படித்துவிட்டு ஸ்பேனரைத் தொடுங்கள்.

நாகலூர் தோட்டம்: சார், கேட்க வந்த பிள்ளையைத் திட்டாதீங்க. தம்பி, ஃபில்டருக்கு முன்னால் ஒரு முழம் டிரான்ஸ்பரன்ட் ஹோஸ் போட்டுப் பாருங்க. சமதளத்தில் தெளிவாக ஓடி, ஏற்றத்தில் மட்டும் குமிழ் வந்தால் டேங்க்குக்குள்ளேயே காற்று இழுக்கிறது. ஏறும்போது டீசல் பின்பக்கம் ஒதுங்கும். டீசலை உறிஞ்சும் பிக்கப் பைப் டேங்க்கின் முன்பக்கம் இருந்தால் கால் டேங்க் இருந்தும் பிரயோஜனமில்லை. எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கீங்க?

கொண்டலாம்பட்டி: ஆர்.சி.யில் இன்னும் பெட்ரோல்தானே இருக்கும்? அதை முதலில் சரி பண்ணுங்க.

ஓமலூர் 540: பழைய ஜீப்பை யார் நிறுத்திப் பார்க்கிறார்கள்? ஊரில் பாதி ஜீப் இப்படித்தான் ஓடுகிறது.

கொண்டலாம்பட்டி: ஓடட்டும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரன் இன்ஜின் நம்பரைத்தான் முதலில் பார்ப்பான். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பது பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்க. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 20 வளைவு ஏறப்போகிறவரிடம் இப்படிச் சொல்லாதீங்க.

டீசல் அனுபவம்: சட்டம் பேச வேறு இடம் இருக்கிறது.

கொண்டலாம்பட்டி: உங்களுக்கு மட்டும்தான் இங்கே பேச உரிமையா?

அஸ்தம்பட்டி ஜீப்: அண்ணா, ஹோஸ் போட்டேன். கால் டேங்க்குக்கும் கொஞ்சம் குறைவாக டீசல். மூன்றாவது வளைவிலேயே மணிமணியாகக் குமிழ். டீசல் ஊற்றும் வாய் வெளிப்பக்கம் வர திருப்பி மாட்டியது, பிக்கப் முன்னால்தான் இருக்கு. டேங்க்கை அறுத்து பைப்பைப் பின்னால் வைத்து வெல்டிங் பண்ணலாமா?

செவ்வாய்பேட்டை பட்டறை: வேண்டவே வேண்டாம்! நிறைந்த டேங்க்கைவிட காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ளே ஆவி நிற்கும். முன்பு பெட்ரோல் இருந்த டேங்க் என்றால் இன்னும் மோசம், சும்மா கழுவினால் போகாது. பிக்கப் பைப் பொருத்தியிருக்கும் பிளேட் ஸ்குரூவில் நின்றால் அதை மட்டும் கழற்றுங்க. வெளியே வைத்து ஸ்டீல் பைப்பைப் பின்பக்கம் வளைத்து, முனை அடித்தகட்டிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே நிற்கும்படி விடுங்க. தரையைத் தொட்டால் அடியில் தேங்கும் தண்ணீரையும் துருவையும் சேர்த்து உறிஞ்சும். ரிட்டர்னை அதன் பக்கத்திலேயே விடாதீங்க, நுரை திரும்ப உள்ளே போகும்.

அஸ்தம்பட்டி ஜீப்: பைப் மாற்றியாச்சு. ஏரி வரை நிற்காமல் போச்சு. நன்றி அண்ணா.

ஓமலூர் 540: ரிட்டர்ன் எங்கே விட்டீங்க? எந்த வண்டி டேங்க் என்று கடைசி வரை சொல்லவே இல்லையே.

வாழப்பாடி: எனக்கும் இதே வேலை நடக்கிறது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகரத்தில் டேங்க் செய்யச் சொல்லியிருக்கேன். துருவே பிடிக்காதாம்.

செவ்வாய்பேட்டை பட்டறை: இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்க. துத்தநாகப் பூச்சு டீசலில் கரைந்து ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். பூச்சில்லாத இரும்புத் தகடு போதும்.