'கோஹார்ட்' என்றால் கூட்டமா, கூட்டாளியா?

ஒரு ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். அதில் தலைவர் ஒருவரின் பக்கத்தில் நிற்கும் ஒற்றை ஆளை 'கோஹார்ட்' என்கிறார்கள். அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

அகராதியைப் புரட்டினால் ரோமானியப் படைப்பிரிவு வருகிறது: லீஜியன் என்ற பெரும்படை ஒன்றுக்கு 10 கோஹார்ட், ஒன்றில் சுமார் 480 வீரர்கள். லத்தீன் மூலச்சொல்லுக்கு அடைப்புள்ள முற்றம் என்று பொருள், நீதிமன்றத்தைச் சொல்லும் 'கோர்ட்'டும் அதே வேர்தான் (எவ்வளவு அழகான உறவு!). புள்ளியியலிலும் அது குழுதான். தனியாளைக் குறிக்கும் வழக்கு 20ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஆங்கிலத்தில் பரவியது.

'கூட்டாளி' வியாபாரப் பங்காளி போல ஒலிக்கிறது. 'சகா'வில் நட்புதான் தூக்கல். 'கையாள்' என்றால் ஏவலாள் ஆகிவிடுகிறான். மூலத்தில் இருவரும் சமம். ஆனால் லேசான சந்தேக வாடை உண்டு.

அந்த வாடையோடு சமநிலையையும் காட்டும் ஒரே தமிழ்ச்சொல் எது?