போர் வந்தால் வீட்டு நாய், பூனைகளின் கதி?

மார்த்தாண்டத்துக்காரி:
1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் லண்டன்காரர்கள் தங்கள் நாய், பூனைகளைத் தாங்களே கொல்லக் கொடுத்தார்களாமே, உண்மையா? குண்டே விழாதபோது ஏன் அப்படி? எங்கள் நாய் மணியைப் பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை.

நாகர்கோவில் பதில் (கால்நடைத் துறையில் இருந்தவன்):
உண்மைதான் மக்களே. முதல் வாரத்திலேயே லண்டனில் மட்டும் சுமார் 4 லட்சம் என்பது வரலாற்று ஆய்வாளர்கள் தரும் கணக்கு. கொல்லச் சொல்லி அரசு உத்தரவு எதுவும் போடவில்லை. கிராமத்துக்கு அனுப்புங்கள், முடியாவிட்டால் கொன்றுவிடுவதே கருணை என்று ஒரு துண்டறிக்கை வந்தது, அவ்வளவுதான். விஷவாயு பயம், உணவுப் பஞ்ச பயம், பொதுப் பதுங்கிடங்களில் விலங்குகளுக்கு அனுமதி இல்லை. எல்லாம் சேர்ந்துகொண்டது. பெரிய குண்டுவீச்சோ 1940 செப்டம்பரில்தான் ஆரம்பித்தது! ஒரு வருடம் பொறுத்திருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு வலிக்கிறது. லண்டனில் பாட்டர்சீ நாய்கள் இல்லம் போர் முழுக்கத் திறந்தே இருந்தது.

தக்கலை பதில்:
காலம் மாறியிருக்கிறது அக்கா. 2022இல் உக்ரைனில் மருத்துவம் படித்த என் அண்ணன் மகள் பூனையை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று நின்றாள். வெளிநாட்டிலிருந்து பூனை, நாயைக் கொண்டுவர வழக்கமாகத் தடையில்லாச் சான்று வேண்டும். நம் அரசு அப்போது அந்த விதியைத் தளர்த்தியது. உக்ரைனின் பக்கத்து நாடான ருமேனியாவும் காகிதம் கேட்காமல் விட்டது. பூனை இப்போது இங்கே அயிலை மீன் தின்கிறது.

குளச்சல் பதில்:
வளைகுடாவில் பூனை, நாய் வளர்க்கும் நம் ஊர்க்காரர்கள் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றையும் தூக்கிச் செல்லும் கூடையையும் இப்போதே தயாராக வையுங்கள்.